ஆம்பலுக்கு நான் எழுதிய சாபம்

மரியே வாழ்க

பள்ளத்தூர்,
19.10.1997

அன்பு மகள் ஜெரினாவுக்கு,

அப்பா தைரியநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். மங்களூர் விடுதியில் எல்லாவற்றிலும் தேங்காயை அரைத்து ஊற்றுகிறார்கள் என்று அழுது எழுதியிருந்தாய். நாளைக்கு ஊருக்கே ஊசி போடப்போகிற நர்சம்மா தேங்காய்க்குப் பயந்தால் எப்படி? அம்மா கருவாட்டுப் பொடி இடித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த வாரம் பார்சல் வரும். அறையில் இருக்கும் மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்தினால் நான் பொறுப்பில்லை.

இனி உன் கதைக்கு வருகிறேன். இந்த மாத இதழில் வந்துவிட்டது பிள்ளை, வந்துவிட்டது! "நீரடி நாடு, எழுதியவர் த. ஜெரினா, பள்ளத்தூர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். இளையோர் மாயக்கதைப் போட்டியில் முதல் பரிசு என்று மேலே ஒரு கட்டம் வேறு. டிசம்பர் வரை மூன்று பகுதியாக வரும். செங்கனி ஊருணிப் படியில் இறங்கி இறங்கித் தண்ணீருக்கு அடியில் இருக்கும் நாட்டுக்குப் போவதும், அங்கே மடை திறக்கிற பெண் ஆம்பல் அவளைக் கைபிடித்து இழுத்துக் காப்பாற்றுவதும் முதல் பகுதி. படம் வரைந்தவனைத்தான் உதைக்க வேண்டும். மடை திறக்கிற பிள்ளைக்கு ஒட்டியாணம் மாட்டிவிட்டிருக்கிறான். காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஏழு பிரதி வாங்கினேன். ஒன்றைப் பள்ளிக்கூட ஆபீசில் என் மேசைமேல் விரித்தே வைத்திருந்தேன். தலைமையாசிரியர் மூன்று தரம் அந்தப் பக்கம் போனார், பார்க்காத மாதிரியே போனார். கிளார்க் மகள் பெயர் அச்சில் வருவதா என்ற வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

உன் கையெழுத்திலேயே அனுப்பியிருந்தால் முதல் பக்கத்திலேயே கும்பிடு போட்டுத் திருப்பியிருப்பார்கள். கோழி கிளறின மாதிரி எழுதுகிறவளுக்கு இந்த அப்பன் ஒருத்தன் நல்ல பிரதி எடுத்துக் கொடுக்கக் கிடைத்தான். ஒன்றாம் வகுப்புக் கட்டுரையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறேனே! ஆனால் நீ இந்தத் தடவை பஸ் படியில் நின்றுகொண்டு நோட்டை என் கையில் திணித்து, ஒரு எழுத்துக்கூட மாற்றக் கூடாதப்பா என்று சொல்லிவிட்டுப் போனாய். எடுத்து எழுதும்போது அங்கங்கே கொஞ்சம் சீர்செய்ய வேண்டியிருந்தது. அச்சுக்குப் போகிற சமாச்சாரம், நாலு பேர் படிப்பது. அது கிடக்கட்டும், நேரில் பேசிக்கொள்வோம்.

உன் கடிதத்துக்குள் மடித்து வைத்திருந்ததைச் சத்தியப்பிரியாவிடம் சேர்த்துவிட்டேன். அவள் அண்ணன் மருதுபாண்டி வீட்டுக்கு வருகிற தபாலையெல்லாம் பிரிக்கிறானாம். அதனால் என் வழியாகவே அனுப்பு. உங்கள் சேதியை நான் படிப்பதில்லை. இதழையும் கொடுத்தேன். வழக்கம்போல நம் அரிசிப்பானையில் கைவிட்டு ஒரு பிடி பச்சரிசியை அள்ளிக்கொண்டு, தின்றுகொண்டே நின்ற நிலையில் வாசித்து முடித்தாள். "கடைசியில என்ன ஆகுது மாமா? நீங்கதான எடுத்து எழுதுனீக, ஒரு வரி சொல்லுங்களேன்" என்று என்னைப் பிடுங்கி எடுத்துவிட்டாள். டிசம்பர்வரை பொறு என்றேன். அவள் அப்பன் சேவுகன் மும்முரமாக மாப்பிள்ளை பார்க்கிறான். அவளும் மூன்று வருசமாக ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிக்கிறாள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி ஜெபத்தை விட்டுவிடாதே.

உன் வெற்றியில் தலைகால் தெரியாமல் இருக்கும்
அப்பா

*

மரியே வாழ்க

பள்ளத்தூர்,
3.2.1998

அன்பு மகள் ஜெரினாவுக்கு,

இந்தக் கடிதத்தை வார்டில் வைத்துப் பிரிக்காதே. அறைக்குப் போய் உட்கார்ந்து படி.

டிசம்பர் இதழ் கடையில் தீர்ந்துவிட்டது என்று உனக்கு மூன்று கடிதத்தில் எழுதினேன். தீரவில்லை. வந்த அன்றே வாங்கிவிட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கதையின் முடிவு அதில் இல்லை, என் முடிவுதான் இருக்கிறது. அருவியில் நின்ற ஆம்பலின் சாபம் விலகியது, பெண்ணுருவில் திரிந்த இளவரசன் தன் சொந்த உருவம் பெற்றான், செங்கனிக்கு மாலையிட்டான் என்று நான் எழுதி அனுப்பினேன். உன் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

ஏன் என்று கேட்பாய். ஏழாம் அத்தியாயம் வரை நான் ரசித்துத்தான் பிரதி எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், இப்படி எழுத நம் வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே என்று கண் கலங்கிவிட்டது. ஏழாவதில் ஆம்பல் மடியிலிருந்து பச்சரிசி எடுத்துத் தின்கிறாள். அவளுடைய இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. அந்தத் தழும்பில் செங்கனி விரலை வைத்து, இது எனக்கு என்கிறாள். சத்தியாவின் புருவம் கிணற்றடியில் விழுந்து வெட்டுப்பட்டபோது அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நான். எனக்குத் தெரியாதா? தெரிந்துவிட்டது. பேனாவை மூடிவைத்துவிட்டேன்.

பயந்துவிட்டேன் ஜெரினா. அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. பங்குக் கோயிலில் என்ன பேசுவார்கள், பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வார்கள், மருதுபாண்டி அரிவாளைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று எல்லாப் பக்கமும் பயந்தேன். படிக்கிறவர்கள் சின்னப் பிள்ளைகள், அதுகளுக்கு எதற்கு இது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். நோட்டின் கடைசி ஆறு பக்கத்தைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். உன் அம்மா வந்து என்ன எரிகிறது என்றாள். பழைய வினாத்தாள் என்றேன்.

இதோடு போயிருந்தால்கூட உன் காலில் விழுந்து எழுந்திருப்பேன். இன்னும் இருக்கிறது, கேள்.

டிசம்பர் இதழ் வந்த மறுநாள் சத்தியா வந்தாள். அரிசிப்பானைப் பக்கமே போகவில்லை. இதழை மடித்து இடுப்பில் சொருகியிருந்தாள். நீ மங்களூர் போகுமுன் அவள் உன்னிடம் ஒன்று கேட்டாளாம். வீட்டில் நெருக்குகிறார்கள், நான் உனக்காகக் காத்திருக்கட்டுமா, நாம் ரெண்டு பேரும் சேர்ந்து வாழ முடியுமா என்று. அதற்கு நீ, கடைசி அத்தியாயத்தில் பதில் எழுதியிருக்கிறேன், அச்சில் வரும்போது படித்துக்கொள் என்றாயாம். உலகத்துக்கே தெரிகிற மாதிரி அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று உனக்கு ஆசை. நோட்டை அவளுக்குக் காட்டாமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது அதற்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் என்னைப் பார்த்து, "இது ஜெரினா எழுதுனதுதான மாமா? சாபம்னு அதுவா எழுதுச்சு?" என்று கேட்டாள்.

ஆண்டவர் எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டார். இல்லைம்மா, நான் எழுதியது என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். பாவி நான், அவள் எழுதியதுதான்மா என்று சொன்னேன். இதோடு ரெண்டு பிள்ளைகளும் தெளிந்துவிடும், எல்லாம் நல்லதுக்குத்தான் என்று அந்த நிமிசத்தில் நினைத்தேன். அவள் அழவில்லை. முந்தின நாள் வந்திருந்த உன் கடிதத்தை எடுத்து நீட்டினேன். "வேணாம் மாமா. அதான் அச்சுலயே போட்டாச்சே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதோடு சேர்த்து நீ மடித்து அனுப்பிய நாலும் பிரிக்காமல் என்னிடமே இருக்கின்றன. சத்தியாவிடமிருந்து ஏன் பதிலே இல்லை என்று நீ கேட்கும்போதெல்லாம் அறுப்பு வேலையில் மும்முரம் என்று எழுதினேன். மார்கழியில் எங்கே அறுப்பு என்றுகூட உனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாய்.

அந்த வாரமே அவள் மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளைக்குக் கீழச்சிவல்பட்டி. உரக்கடை வைத்திருக்கிறார். நல்ல பையன், அதிர்ந்து பேசாதவர், அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. போன வியாழக்கிழமை கல்யாணம் நடந்தது. நான் போனேன், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டும் வந்தேன். கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்து இதை எழுதுகிறேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை. முன்னாலேயே எழுதியிருந்தால் நீ அடுத்த ரயிலில் வந்து நின்றிருப்பாய்.

இவ்வளவும் செய்துவிட்டு இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், வாசகர் கடிதங்களை ஒரு கவரில் போட்டு இதழ்க்காரர்கள் அனுப்பியிருந்தார்கள். பதினோரு கடிதங்கள் முடிவு பிரமாதம் என்கின்றன. ஒரு கார்டில் மட்டும் பெயர் இல்லை, விருதுநகர் முத்திரை இருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளையாம். "அக்கா, ரெண்டு மாதமாக ஆம்பலைப் படித்து, என்னை மாதிரி கதையில்கூட ஒருத்தி இருக்கிறாள் என்று சந்தோசமாக இருந்தேன். நீங்களும் அவளை மாற்றிவிட்டீர்கள். அப்படியானால் என்னையும் மாற்றத்தான் வேண்டும் போல" என்று எழுதியிருக்கிறது. பதில் போட விலாசம் இல்லை. யார் பெற்ற பிள்ளையோ, அதையும் நான்தான் அடித்திருக்கிறேன்.

ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். அந்தக் கடைசி அத்தியாயத்தை மறுபடி எழுதி அனுப்பு. உன் கையாலேயே எழுது, நான் பிரதி எடுக்கமாட்டேன். அப்படியே கொண்டுபோய்ச் சத்தியாவிடம் சேர்த்துவிடுகிறேன்.

மன்னிப்பைக் கேட்கக்கூட முகமில்லாத
அப்பா

*

மரியே வாழ்க

பள்ளத்தூர்,
29.3.1998

அன்பு மகள் ஜெரினாவுக்கு,

உன் கார்டு வந்து பத்து நாளாகிறது. "அந்த முடிவு எனக்கு ஞாபகம் இல்லை. இனிமேல் கதை எழுதமாட்டேன். ஈஸ்டருக்கு வரவில்லை." மூன்று வரிதான். முழுக் கார்டையும் எழுதி நீ என்னைத் திட்டியிருக்கலாம்.

கார்டு என்பதால் அம்மாவும் படித்துவிட்டாள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை. நீயும் சத்தியாவும் ஒருத்திமேல் ஒருத்தி இப்படிப் பிரியமாக இருந்தது அவளுக்குப் புரிகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. "என் மக பேரைப் போட்டு என் மக சொல்லாததைச் சொல்ல இந்த மனுசன் யாரு?" என்று அடுப்பைப் பார்த்து ஒருதரம் கேட்டாள். அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, சாப்பிடுறவுக சாப்பிடலாம் என்று சுவரிடம் சொல்கிறாள். நானும் சுவரிடம்தான் உப்புக் கேட்கிறேன்.

தவக்காலம் என்று பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மகள் எழுதிய கதையை அவளுக்குத் தெரியாமல் மாற்றிவிட்டேன் சாமி என்றேன். கதைதானே என்றார். மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னார். மீதியைச் சொல்ல வாய் திறந்தேன், வரவில்லை. மீதியைச் சொன்னால் நான் செய்ததை விட்டுவிட்டு நீ செய்ததைப் பாவம் என்று சொல்வாரோ என்று பயமாக இருந்தது. ஜெபமாலையை முடித்துவிட்டேன். பாரம் அப்படியேதான் இருக்கிறது.

இதழ் ஆசிரியருக்கும் எழுதினேன். வெளியான முடிவு என் மகளுடையதல்ல, நான் இட்டுக்கட்டியது, ஒரு மூலையில் நாலு வரி போடுங்கள் என்று கெஞ்சினேன். மரியாதையாகத்தான் பதில் போட்டார். பரிசு பெற்றதே அந்த முடிவுக்காகத்தானாம். நடுவர்கள் எல்லாரும் அதைத்தான் பாராட்டினார்களாம். வேறு மாதிரி இருந்திருந்தால் பிள்ளைகள் கையில் கொடுக்கவே முடியாதாம். கடைசியில், உங்கள் மகளை அடுத்த போட்டிக்கும் எழுதச் சொல்லுங்கள் என்று போட்டிருக்கிறார். கிழித்துப் போட்டேன்.

நேற்றுக் கீழச்சிவல்பட்டிக்குப் போனேன். உன் நாலு கடிதங்களையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். திருப்பத்தூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது திரும்பிவிடலாமா என்று ரெண்டு தரம் எழுந்தேன். உரக்கடையில் மாப்பிள்ளை இருந்தார். ஜெரினா அப்பாவா, வாங்க வாங்க என்று சோடா வாங்கிக் கொடுத்தார். அந்த உபசாரம் என்னைக் கொன்றது. வீடு கடைக்குப் பின்னாலேயேதான். சத்தியா கொல்லையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இளைத்துவிட்டாள். என்னைப் பார்த்து எழுந்து, அம்மா முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள்.

உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாபம் என்று எழுதியது நான், பக்கத்தை எரித்தது நான், நீ வந்து கேட்டபோது பொய் சொன்னதும் நான் என்றேன். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள். பிறகு சொன்னாள்: "இதை எதுக்கு மாமா இப்ப வந்து சொல்றீக? அது என்னையக் கைவிட்டுருச்சுன்னு நெனைச்சு, அது மேல கோவத்தை வச்சுத்தான் ஒவ்வொரு நாளையும் ஓட்டிக்கிட்டிருந்தேன். அதையும் புடுங்கிட்டீகளே. இனிமே நான் எதை வச்சு ஓட்டுவேன்?"

 

கடிதங்களை நீட்டினேன். இந்த வீட்டில் இதை எங்கே வைப்பேன் மாமா என்று தொடவே மறுத்துவிட்டாள். ஆனால், ஜெரினா உண்மையாகக் கடைசியில் என்னதான் எழுதியிருந்தது என்று கேட்டாள். ஆறு பக்கத்தில் எனக்கு நினைவில் நின்றது கொஞ்சம்தான். அந்த நாட்டில் கல்யாணம் என்றால் ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் தண்ணீர் குடிப்பது. செங்கனி ஆம்பல் கையிலிருந்தும், ஆம்பல் செங்கனி கையிலிருந்தும் குடித்தார்கள். சுற்றிலும் ஊர் மொத்தமும் நின்று பார்த்தது, ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. அவ்வளவுதான்மா ஞாபகம் இருக்கிறது என்றேன்.

"ஒருத்தர்கூடவா மாமா?" என்றாள்.

ஒருத்தர்கூட இல்லைம்மா என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். முகத்தை முறத்தால் மறைத்துக்கொண்டாள். அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன் ஜெரினா. சத்தமே இல்லாமல் அழுதாள், உள்ளே மாமியார் இருந்தாரில்லையா. நீ கூட இருந்து துடைத்துவிட வேண்டிய கண். அங்கே நான் நின்றேன்.

மாமியார் யாரு வந்திருக்கிறது என்று குரல் கொடுத்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள். ஜெரினாவுக்கு ஏதாவது சேதி சொல்லட்டுமா என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லாதீக. இங்குட்டு வரவும் வேணாம். பார்த்தா நான் செத்துருவேன்" என்றாள். கதவு வரை போனவள் நின்று, "இப்பவும் கதை எழுதுதா மாமா?" என்று கேட்டாள்.

உன் கார்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. எழுதுகிறாள்மா, முன்னைவிட நிறைய எழுதுகிறாள் என்று சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டினாள். "அது போதும் மாமா. அதுலயாச்சும் நாங்க ரெண்டு பேரும் இருப்போம்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தப் பிள்ளையிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் இது. என்னை மன்னிக்க வேண்டாம். ஈஸ்டருக்கு வர வேண்டாம், எனக்குப் பதிலும் போட வேண்டாம். உன்னை ஆசீர்வதிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை, உன் அம்மா ஆசீர்வதிப்பாள். முதல் பொய்யை எந்தச் சாமி வந்தாலும் இனித் திருப்பி எடுக்க முடியாது. மகளே, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இரண்டாவதையாவது மெய்யாக்கிவிடு.

அப்பா